92 முனைகளின் கணக்கு

மனித உடற்செல் ஒன்றில் குரோமோசோம்கள் 46; அவற்றின் முனைகள் 92. செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏ இரட்டிப்பானதும் முனைகள் 184 ஆகும். ஒவ்வொரு முனையிலும் டிடிஏஜிஜிஜி என்ற 6 எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. டெலோமியர் எனப்படும் இப்பகுதியின் நீளம் பிறக்கும்போது பொதுவாக 10,000 முதல் 15,000 கார இணைகள். சிறிய அளவையே எடுத்துக்கொண்டாலும் முனைக்குச் சுமார் 1,667 தொடர்கள். 92 முனைகளுக்கும் சேர்த்து 9,20,000 கார இணைகள். 2022-ல் முழுமையாக வாசித்து வெளியிடப்பட்ட மனித மரபுத்தொகுதி 305.5 கோடி கார இணைகள் கொண்டது. இரண்டு படிக்கு 611 கோடி. அதில் டெலோமியர்களின் பங்கு 0.015 சதவீதம். மீதி 99.985 சதவீதத்தின் பாதுகாப்பு இதைச் சார்ந்தே இருக்கிறது.

இந்தக் கையிருப்பு ஒவ்வொரு பிரிவிலும் 50 முதல் 100 கார இணைகள் வரை, சில சமயம் 200 வரைகூடத் தேய்கிறது. 10,000-லிருந்து 5,000-க்கு இறங்க, பிரிவுக்கு 100 வீதம், 50 பிரிவுகள் போதும். வளர்ப்புத் தட்டில் மனிதச் செல்கள் 40 முதல் 60 முறை வரையே பிரிகின்றன என்று ஹேஃப்லிக், மூர்ஹெட் இருவரும் 1961-ல் கண்ட எல்லையோடு இது பொருந்துகிறது. பொருத்தம் மட்டும் நிரூபணமாகாது. 1998-ல் வந்த சோதனையே வலுவான சான்று: டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் நொதியின் புரதக்கூறான டெர்ட்டைச் சேர்த்த செல்கள், தம் எல்லையைத் தாண்டி மேலும் 20 முறையாவது இரட்டித்தன.

முனையைப் போர்த்திக் காப்பது ஷெல்டரின் என்ற 6 புரதங்களின் கூட்டு: டிஆர்எஃப்1, டிஆர்எஃப்2, ராப்1, டின்2, டிபிபி1, பாட்1. போர்வை இல்லாவிட்டால், செல்லின் பழுதுபார்ப்பு ஏற்பாடு முனையை முறிந்த டிஎன்ஏ என்று கொண்டு இரு குரோமோசோம்களை ஒட்டிவிடும். டிஆர்எஃப் புரதங்கள் இரண்டும் இரட்டை இழையைப் பற்றுகின்றன. நுனியில் 50 முதல் 300 நியூக்ளியோடைடு வரை நீளும் ஒற்றை இழை பாட்1-க்கு உரியது. அது ஒரு முறைக்கு 10 நியூக்ளியோடைடுகளைப் பிடிப்பதை 2004-ல் 1.73 ஆங்ஸ்ட்ராம் துல்லியப் படிக அமைப்பு காட்டியது. செல்லில் பாட்1, டிபிபி1 இரண்டின் அளவு டின்2-ன் பத்தில் ஒரு பங்கே. இது பற்றாக்குறைபோலத் தெரியும். ஆனால் ஒற்றை இழை 200 என்று கொண்டால் அது 10,000-ல் ஐம்பதில் ஒரு பங்குதான். பத்தில் ஒன்று போதும் என்றே தோன்றுகிறது.

தேய்ந்ததை நிரப்புவது டெலோமரேஸ். கிரைடரும் பிளாக்பர்னும் 1985-ல் ஒருசெல் உயிரி ஒன்றில் இதை அறிவித்தார்கள். 2009-ல் ஷோஸ்டாக்குடன் சேர்ந்து நோபல் பெற்றார்கள். மனித நொதியில் டெர்ட் 1,132 அமினோ அமிலங்கள். அதன் ஆர்என்ஏ 451 நியூக்ளியோடைடுகள். அச்சாகப் பயன்படுவது இந்த 451-ல் 11 மட்டுமே, அதாவது 2.4 சதவீதம். 2013-ல் வெளியான ஓர் அமைப்பு இந்நொதியில் டெர்ட் 2 என்றது. 2018-ல் உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கி 1 என்றது. ஆனால் துல்லியம் நொதியின் இரு பாதிகளில் முறையே 7.7, 8.2 ஆங்ஸ்ட்ராம். டிஎன்ஏவில் அடுத்தடுத்த காரங்களின் இடைவெளி 3.4 ஆங்ஸ்ட்ராம் என்பதால், அந்தப் படத்தில் எழுத்துகளைப் பிரித்தறிய முடியாது. 2021-ல் துல்லியம் 4 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே வந்தது. டிஎன்ஏவைச் சுற்றிவைக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் இணை ஒன்றும், யாரும் எதிர்பாராத விதமாக, வெளிப்பட்டது. டெர்ட் 1, ஆர்என்ஏவின் மறுபாதியைத் தாங்கும் 4 வகைப் புரதங்கள் இரண்டிரண்டாக 8, டிகேப்1 ஒன்று, ஹிஸ்டோன் 2: ஆக 12 புரதச் சங்கிலிகள். 2022-ல் டிபிபி1 பிணைந்த நிலையில் நொதியின் மையம் தெரிந்தது. போர்வையின் ஓர் உறுப்பே நொதியை முனைக்கு அழைத்து வருவதை அந்தப் படம் கண்முன் வைத்தது. 2018-லிருந்து 2021-க்குள், மூன்றே ஆண்டுகளில், 7.7-லிருந்து 4-க்குக் கீழே: இத்துறையில் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் மாற்றம் இது.

நொதியின் எண்ணிக்கையோ சொற்பம். 2014-ல் வளர்ப்புச் செல்களில் எண்ணியபோது செல்லுக்குச் சுமார் 240 இருந்தன. அச்செல்களில் குரோமோசோம்கள் 46-க்கு மேல் என்பதால், இரட்டித்த முனைக்கு ஏறத்தாழ 1 நொதி. நீளம் நிலையாக இருக்கும் புற்றுச் செல்களில் ஒரு சுற்றுக்கு முனையில் சேர்வது சுமார் 60 நியூக்ளியோடைடு, அதாவது 10 தொடர்கள்.

உபரி இல்லாத இடத்தில் சிறு குறைவும் நோயாகிறது. குடும்பவழி நுரையீரல் நார்த்திசு நோய் குறித்த 2007 ஆய்வில், 73 குடும்பங்களில் 6-ல் (8 சதவீதம்) டெர்ட் அல்லது ஆர்என்ஏ மரபணுவின் இரு படிகளில் ஒன்று மட்டுமே பழுதாகியிருந்தது. மறுபுறம், 1994 ஆய்வில் 101 கட்டி மாதிரிகளில் 90-ல் (89 சதவீதம்) நொதி செயல்பட்டது. இயல்பான உடல்திசு மாதிரிகள் 50-ல் ஒன்றில்கூட இல்லை.

டெலோமரேஸின் ஆர்என்ஏ அச்சில் ஒட்டி நொதியைத் தடுக்கும் 13 எழுத்து மருந்தான இமெடெல்ஸ்டாட், 2024 ஜூனில் அமெரிக்காவில் ஒருவகை எலும்புமஜ்ஜைக் கோளாறுக்கு அனுமதி பெற்றது. சோதனையில் 8 வாரமாவது இரத்தம் ஏற்றாமல் இருந்தோர் மருந்து பெற்ற 118 பேரில் 47 பேர் (39.8 சதவீதம்), போலி மருந்து பெற்ற 60 பேரில் 9 பேர் (15 சதவீதம்).