டீசல் வேனின் கரி வடிகட்டி

கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை முதலிய பகுதிகள் அருகருகே அமைந்தவை. அங்கே பள்ளி மாணவர்களை ஏற்றிச் செல்லும் டீசல் வேன் ஒரு நடைக்குச் சில கிலோமீட்டரே ஓடும். அக்குறுகிய ஓட்டமே அதன் கரி வடிகட்டிக்குப் பகையாகிறது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கேற்பப் புதிய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் இவ்வடிகட்டி பொருத்தப்படுகிறது. தேன்கூடு போன்ற அதன் நுண்ணறைகள் புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கின்றன. அக்கரி எரிந்து தீர ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நின்று நின்று செல்லும் வண்டியில் அவ்வெப்பம் நீடிப்பதில்லை. எனவே வடிகட்டி அடைபட்டு, வண்டியின் இழுவிசை குறைகிறது.

செலவுக்கு அஞ்சிச் சிலர் வடிகட்டியையே கழற்றிவிடுவர். அது சட்டத்துக்குப் புறம்பானது. அக்கரி தெருவில் நடப்போரின் நுரையீரலை அடையும். 2001இல் மூடப்பட்ட இவ்வூர்ச் சுரங்கங்களில் பாறைத்தூளைச் சுவாசித்துச் சிலிக்கோசிஸ் நோயுற்றவர் பலர்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன், பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 20 நிமிடம் எஞ்சினை நிறுத்தாமல் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் அடைப்பு நீங்கும். காலம் தாழ்த்தினால் பணிமனையை நாட நேரும். கரி எரிந்த பின் எஞ்சும் சாம்பலோ எவ்வளவு ஓட்டினாலும் எரியாது. பல்லாயிரம் கிலோமீட்டருக்குப் பின் அதனைப் பணிமனையில்தான் அகற்ற இயலும்.