பிள்ளை வைத்த தக்காளிச் செடி

தாய்மார்களே, வீட்டோரம் இரண்டடி இடம் இருந்தால் போதும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தக்காளி போட ஆசைப்படுவோம். கடைப் பழத்தைப் பிழிந்து விதையைத் தூவுவோம். முளைக்கும், வளரும், பூவும் விடும். பிறகு ஒருநாள் செடி சாய்ந்துவிடும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. என் எட்டு வயது மகள் வைத்த செடி அவள் இடுப்பளவு நின்றது. காலையில் நன்றாக இருந்தது. மத்தியானம் இலைகள் பச்சை மாறாமலே தொங்கிவிட்டன. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. சில நாளில் செத்துவிட்டது. ராத்திரி படுக்கையில் அவள் கேட்டாள்: "அம்மா, நான் தம்பியை அடிச்சேனே, அதனாலதான் செத்துப்போச்சா?"

மறுநாள் அவளை வைத்துக்கொண்டே அடித்தண்டில் விரல் நீளம் வெட்டினேன். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை நீரில் படும்படி அசையாமல் பிடித்தோம். சற்று நேரத்தில் வெள்ளை நூல் போல ஒன்று கீழே இறங்கியது. "பால் வடியுதும்மா!" என்றாள். மரம் வெட்டும் வீட்டுப் பிள்ளை அல்லவா! அது பாலில்லை. மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறித் தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும் கிருமி. நம் வெப்பப் பகுதியில் தக்காளிக்கு இதுதான் எமன். வாடிய செடியைப் பிழைக்க வைக்க மருந்தில்லை. விஷயம் தெரிந்ததும் பிள்ளையின் முகம் தெளிந்துவிட்டது.

அந்தக் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆகவே நோய் கண்ட இடத்தில் மறுபடி தக்காளி வேண்டாம். கத்திரி, மிளகாயும் வேண்டாம். செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். வெட்டிய கத்தியை நன்றாகக் கழுவுங்கள்.

இரண்டாம் முறை தரையை விட்டுவிட்டோம். செம்பனைக் கன்று வளர்க்கும் கறுப்புப் பையைப் புதிதாக வாங்கி, காய்கறி போடாத இடத்து மண்ணோடு மக்கிய சாணம் கலந்து நிரப்பினோம். ரப்பர் கன்றுக்கு ஒட்டுக்கட்டிப் பழகிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சுண்டைச் செடியின் வேர்ப்பகுதியில் தக்காளித் தண்டை ஒட்டுப்போட்டால் இந்நோய் எளிதில் அண்டாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். புல் மருந்து வந்த டின், போத்தல் எதையும் செடி வைக்கவோ தண்ணீர் ஊற்றவோ எடுக்காதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் சரி. பாராகுவாட் மருந்தை 2020-ஆம் ஆண்டு மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள். ஆனால் பழைய போத்தல் எந்த மூலையில் கிடக்கிறதோ, யார் கண்டது? அந்த விஷத்துக்கு மாற்று மருந்தே இல்லை. பிள்ளைகள் கைவைக்கும் தோட்டம் இது.

கேமரன் மலைப் பழம் போலப் பெரிதாகக் காய்க்கும் என்று பிள்ளையிடம் ஆசை காட்டாதீர்கள். அங்கே ராத்திரி குளிர்கிறது. இங்கே ராத்திரியும் புழுங்குவதால் பெரிய பழ வகைகளில் பூ உதிர்ந்துவிடும். கோலிக்குண்டு போல் காய்க்கும் சிறு தக்காளி நமக்கு ஏற்றது. விதையைத் தனியாக முளைக்கப் போட்டு, மூன்று நான்கு வாரத்தில் பைக்கு மாற்றலாம். வெயில் விழ வேண்டும்; அடைமழை மேலே கொட்டக் கூடாது. தண்ணீர் ஒருநாள் காய்ந்து, ஒருநாள் வெள்ளமாக ஊற்றினால் பழத்தின் அடி கறுத்துவிடும்.

பிள்ளைக்கு மிகவும் பிடித்த வேலை பூவைத் தட்டுவதுதான். காலையில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டினால் மகரந்தம் அதே பூவில் விழுந்து காய் பிடிக்கும். என் மகள் பள்ளிச் சீருடையோடு ஒவ்வொரு கொத்தையும் தட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

முதல் பறிப்பில் பதினொரு பழம். ரசத்துக்குக் கேட்டேன், எண்ணி நாலுதான் கொடுத்தாள். ஒன்றைத் தம்பி கையில் வைத்தாள்.