எச்சரிக்கை வந்தது, பதில் வரவில்லை

2013 நவம்பர் 30. அமெரிக்காவின் டார்கெட் அங்காடி நிறுவனத்துக் கணினிகளுக்குள் இணையத் திருடர்கள் தங்கள் நிரலைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் வாங்கி வைத்திருந்த ஃபயர்ஐ மென்பொருள் அதைப் பிடித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு கவனித்து, மினியாபொலிஸில் இருந்த பாதுகாப்பு மையத்துக்குத் தெரிவித்தது. அங்கே யாரும் அசையவில்லை. டிசம்பர் 12 அன்று அமெரிக்க அரசின் நீதித்துறை எச்சரித்த பிறகுதான் நிறுவனம் விழித்துக்கொண்டது. சுமார் 4 கோடி கடன், பற்று அட்டைகளின் விவரம் களவு போயிற்று. அந்த எச்சரிக்கையைப் பார்த்ததாகவும், உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று முடிவெடுத்ததாகவும் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. இங்கே கருவியும் தவறவில்லை, கண்டு சொன்னவர்களும் தவறவில்லை. ஆகவே இன்னும் விலையுயர்ந்த கருவி வாங்குவது இதற்கு மருந்தாகாது. சொன்ன தகவலுக்கு ஒருவர் பெயரோடு பொறுப்பேற்று, என்ன செய்தோம், செய்யாவிட்டால் ஏன் என்று பதில் தரும் ஏற்பாடுதான் வேண்டும்.

பெரிய நிறுவனங்களில் நாள்தோறும் எச்சரிக்கைகள் மலைபோல் குவிகின்றன, எல்லாவற்றுக்கும் யார் பதில் எழுதுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இயந்திரம் எழுப்பும் மணியும், மனிதர் ஒருவர் ஆராய்ந்துவிட்டு அனுப்பும் அறிக்கையும் ஒன்றல்ல. முன்னதை வடிகட்டலாம், பின்னதைப் பதிலில்லாமல் விடக் கூடாது. அறிக்கை எழுதுபவருக்கும் இதில் கடமை உண்டு. ‘சந்தேகத்துக்குரிய நிரல் கண்டறியப்பட்டது’ என்ற ஒற்றை வரி, நூறோடு நூற்றியொன்றாகத்தான் போகும். ‘கடைகளில் தேய்க்கப்படும் அட்டைகளின் விவரம் வந்து சேரும் சர்வரில், நேற்றிரவு முதல் நமக்குத் தெரியாத நிரல் ஓடுகிறது. துண்டிக்காவிட்டால் விவரங்கள் வெளியே போகலாம். துண்டிக்க இன்று மாலைக்குள் அனுமதி வேண்டும்’ என்று எழுதினால், படிப்பவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். கண்டது என்ன, எங்கே, எப்போதிலிருந்து, என்ன ஆபத்து, யார் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

இன்னொரு தடை, சொன்னால் தண்டனை வருமோ என்ற பயம். இதை முன்பே தீர்த்துக் காட்டியது விமானத்துறை. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. நிறுவன விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். சுமார் ஆறு வாரத்துக்கு முன் யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று இதேபோல் இறங்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தச் செய்தி யுனைடெட் விமானிகளுக்குள்ளேயே நின்றுபோனது. இந்த வேதனையிலிருந்துதான், 1976இல், நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறை பிறந்தது. தெரியாமல் விதி மீறியவர் 10 நாளுக்குள் தெரிவித்தால், பொதுவாக அபராதமோ உரிம இடைநிறுத்தமோ இல்லை.

தண்டனை இல்லையென்றால் அலட்சியம் பெருகாதா? அந்த முறையிலேயே குற்றச்செயலுக்கும், வேண்டுமென்றே செய்த மீறலுக்கும் பாதுகாப்பு கிடையாது. தண்டிக்க வேண்டியது மறைத்தவரை. ஊபர் நிறுவனத்தில் 2016இல் 5.7 கோடிப் பேரின் தரவு திருடப்பட்டது. ஊடுருவியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து, ஓராண்டு மூடி வைத்தார்கள். அதன் பாதுகாப்புத் தலைவரை 2022இல் அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளி என்றது. அது சரியான இடத்தில் விழுந்த அடி.

இந்தியாவில் இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, இணையத் தாக்குதல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கெடு வைத்தது நல்லதே. ஆனால் தவறான இணைப்பைச் சொடுக்கிவிட்ட கீழ்நிலை ஊழியர் வேலை போய்விடுமோ என்று வாய் திறக்காமல் இருந்தால், அந்த 6 மணி நேரம் தொடங்கவே பல நாளாகும். நிறுவனத் தலைவர்களே, தெரியாமல் செய்த தவறைத் தானாக முன்வந்து சொல்லும் எவரையும் தண்டிக்க மாட்டோம், ஒரே நாளில் பதில் தருவோம் என்று உங்கள் ஊழியர்களுக்கு எழுத்தில் கொடுங்கள்.