பூ பூக்காத கரையின் மாலை

ஹவாய் என்றதும் பூமாலைதான் நினைவுக்கு வரும். ஆனால் கவாய் தீவுக்கு மேற்கே, சுமார் 27 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் நீஹாவ் தீவில் பூக்கள் குறைவு. வடகிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று கவாயின் மலைகளில் ஏறிக் குளிர்ந்து, மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. நீஹாவுக்கு வந்து சேர்வது வறண்ட காற்று. அதனால் அங்கே மாலைக்குப் பொருள் தருவது கடல்தான்.

குளிர்காலத்தில் வட பசிபிக் புயல்கள் எழுப்பும் பேரலைகள், குட்டிக் கடல் நத்தைகளின் ஓடுகளைக் கரையில் வாரிப் போடுகின்றன. பளபளக்கும் மோமி, அரிசிமணி போன்ற லைக்கி, சில மில்லிமீட்டரே உள்ள கஹெலெலானி. கடைசியது அடர்சிவப்பு, பழுப்பு, இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் கிடைக்கும். பளீரென்ற இளஞ்சிவப்பு அபூர்வம்.

இந்தக் கலையில் முதலில் பழகவேண்டியது கண். மணலில் மணிக்கணக்காகக் குனிந்தும் படுத்தும் பொறுக்குகிறார்கள். பிறகு அளவு, நிறம், பளபளப்பு பார்த்துப் பிரிக்கிறார்கள். நுனி உடைந்ததும் வெளுத்ததும் கழிந்துவிடும். என்னைக் கேட்டால், மாலையின் அழகு பாதிக்குமேல் இந்தப் பொறுமையில்தான் இருக்கிறது.

வெளுத்ததைக் கழிப்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல. நத்தை தன் உடலின் போர்வை போன்ற தசையின் விளிம்பிலிருந்து சுண்ணாம்பையும் நிறமியையும் சேர்த்தே சுரந்து, வாயோரமாக ஓட்டை வளர்த்துக்கொண்டே போகிறது. ஓட்டில் மிகப் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். தனியாக இருந்தால் அது எளிதில் நொறுங்கும். படிகங்களுக்கு இடையே மெல்லியதாகப் படிந்த புரதம்தான் விரிசல் ஓடாமல் தடுக்கிறது. வெயிலில் நெடுநாள் கிடந்த ஓட்டில் நிறமும் மங்கும், அந்தப் புரதமும் சிதையும்.

அடுத்து, உள்ளே அடைந்த மணலை எடுத்துவிட்டு, கூரிய ஊசியால் ஒவ்வொன்றாகத் துளை போடவேண்டும். விரல்நுனியில் கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் ஓடு போய்விடும். தேர்ந்த கைகளிலும் உடைவது உண்டு. துளை வழியே நுழையும் நூல் ஓட்டின் வாய் வழியே வெளிவரும். கோக்கும் முறையை மாற்றினால் ஒரே ஓட்டிலிருந்து தட்டையான சரமும் வரும், உருண்டு திரண்ட கயிறு போன்ற சரமும் வரும். கஹெலெலானி மாலை ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில், சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் ஓடுகள் வேண்டும். நல்ல மாலை பல ஆயிரம் டாலருக்கு விலைபோகிறது. வேறிடத்து ஓடுகளை நீஹாவின் பெயரில் விற்பதைத் தடுக்க, ஹவாய் மாநிலம் 2004இல் தனிச் சட்டமே இயற்றியது.