ருமேனியா வீட்டில் இங்கிலீஷ் பாடம்

ஒரு பெண்மணி லண்டனில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். "இந்த ஊரில் எத்தனை நாளாக இருக்கிறாய்?" என்கிறாள் வீட்டுக்காரி. "ஐ லீவ் ஹியர்" என்கிறாள் நம் பெண்மணி. 'இங்கே வசிக்கிறேன்' என்று சொல்ல நினைத்தாள். 'இங்கிருந்து கிளம்புகிறேன்' என்பது போல் காதில் விழுந்தது! கிளம்புகிறவளுக்கு யார் வீடு கொடுப்பார்கள்?

அவள் படிக்காதவள் அல்ல. ருமேனியாக்காரி, அவ்வளவுதான் விஷயம்.

கருங்கடல் ஓரத்தில் இருக்கிறது ருமேனியா. ஜனத்தொகை ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம். பக்கத்திலுள்ள பல்கேரியரும் செர்பியரும் உக்ரேனியரும் ஸ்லாவிய பாஷைகளைப் பேச, ருமேனியர் பேசுவதோ லத்தீன் வழி வந்த பாஷை. 1948-க்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே பள்ளிக்கூடங்களில் ரஷ்ய பாஷை கட்டாயமாக இருந்தது. 1989 டிசம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தது. 2007-இல் அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2014 ஜனவரி 1-ஆம் தேதி ருமேனியர் பிரிட்டனில் வேலை பார்ப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகள் நீங்கின. பெட்டி படுக்கையுடன் கிளம்பியவர்களுக்கு இங்கிலீஷ் சோற்றுப் பிரச்னையாகிவிட்டது.

அவர்களுக்கு எங்கே இடறுகிறது? பார்ப்போம்.

குறிலும் நெடிலும்

நமக்குக் குறில், நெடில் என்ற பேதம் அகர முதலே பழக்கம். ருமேனிய பாஷையில் அந்தப் பேதம் கிடையாது. ஆகையால் 'லிவ்' என்பதும் 'லீவ்' என்பதும் அவர்கள் காதுக்கு ஒன்றே. கப்பல் 'ஷிப்'பும் ஆடு 'ஷீப்'பும் அப்படித்தான். மேலும், ருமேனிய எழுத்தைப் பெரும்பாலும் எழுதியபடியே படித்துவிடலாம். எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்றிருக்கும் இங்கிலீஷைக் கண்டால் அவர்கள் திகைப்பது நியாயந்தானே?

வாலில் ஒட்டும் 'தி'

ருமேனிய பாஷையில் மனிதனுக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஓம்'! 'தி' சேர்க்க வேண்டுமானால் முன்னால் அல்ல, வாலில் சேர்ப்பார்கள்: 'ஓமுல்'. ஓநாய் 'லூப்', அதற்குத் 'தி' சேர்த்தால் 'லூப்புல்'. 'மேஜை மேல்' என்று சொல்லும்போது அந்த வாலும் உதிர்ந்துவிடும். அதனால் இங்கிலீஷிலும் 'தி புக் ஈஸ் ஆன் டேபிள்' என்று டேபிளுக்கு முன் வரவேண்டிய 'தி'யை விழுங்கிவிடுகிறார்கள். 'வாழ்க்கை கஷ்டம்' என்பதற்கோ அவர்கள் பாஷையில் வால் உண்டு. ஆகவே 'தி லைஃப் ஈஸ் ஹார்ட்' என்று வேண்டாத இடத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

காலம் செய்யும் கோலம்

'படிக்கிறேன்' என்பதற்கு ருமேனியருக்கு ஒரே சொல். தினம் படித்தாலும் அதுதான், இந்த நிமிஷம் படித்துக் கொண்டிருந்தாலும் அதுதான். இங்கிலீஷில் 'ஐ ரீட்' வேறு, 'ஐ ஆம் ரீடிங்' வேறு அல்லவா?

இன்னொரு வம்பு. 'பார்த்தேன்' என்பதற்கு அவர்கள் சொல்லும் வாக்கியம் அச்சாக 'ஐ ஹேவ் ஸீன்' போலவே இருக்கும். எனவே 'ஐ ஹேவ் ஸீன் ஹிம் யெஸ்டர்டே' என்கிறார்கள். 'நேற்று' என்று வந்தால் 'ஐ ஸா ஹிம்' என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து வருஷமாக வசிப்பவர், 'ஐ லிவ் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பார். 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பதே சரி.

வயதைக் கேட்டால், 'ஐ ஹேவ் தர்ட்டி இயர்ஸ்' என்று பதில் வரும். அவர்கள் பாஷையில் வயதும் ஒரு சொத்து. 'முப்பது வருஷம் வைத்திருக்கிறேன்' என்றுதான் பேச்சு!

நண்பர் வேஷத்தில் சொற்கள்

வேடிக்கை என்னவென்றால், பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகள் அவர்களுக்குச் சுலபம். யுனிவர்ஸிடி, இம்பார்ட்டன்ட், ஃபேமிலி போன்றவை லத்தீன் வழியாக இரண்டு பாஷைக்கும் உறவு. 'புட் ஆன்', 'புட் ஆஃப்', 'புட் அப் வித்' போன்ற சில்லறைகள்தாம் உயிரை வாங்கும்.

உறவு போல் நடிக்கும் சொற்களும் உண்டு. 'லிப்ரரியே' என்றால் நூல்நிலையம் அல்ல, புத்தகக் கடை. 'மகஸின்' பத்திரிகை அல்ல, கடை. 'என் மகள் ரொம்ப ஸென்ஸிபிள்' என்று ஒரு தாய் சொன்னால், புத்திசாலி என்று எண்ணிவிடாதீர்கள். சட்டென்று மனம் வாடிவிடுவாள் என்று எச்சரிக்கிறாள்! 'இவென்ச்சுவலி வருகிறேன்' என்றால் 'முடிந்தால் வருகிறேன்' என்று அர்த்தம். இங்கிலீஷ்காரரோ, தாமதமானாலும் நிச்சயம் வருவாள் என்று காத்திருப்பார்.

என்ன செய்யலாம்?

ஒற்றைச் சொற்களை மனப்பாடம் செய்வதைவிட முழு வாக்கியமாகக் கற்பது நல்லது. ஒரு நோட்டில் இரண்டு பத்திகள் போட்டு, இந்தப் பக்கம் தாய்மொழி வாக்கியத்தை வார்த்தைக்கு வார்த்தையும், அந்தப் பக்கம் சரியான இங்கிலீஷையும் எழுதிப் பார்க்கலாம். இரண்டும் எங்கே விலகுகின்றனவோ அங்கேதான் நாக்கு இடறும். அந்த இடத்தை வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்ல வேண்டும். 'லிவ், லீவ்' போன்ற ஜோடிகளை ஒருவர் சொல்ல, மற்றவர் எது என்று கண்டுபிடிப்பது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு.

மேலே கண்ட தவறுகளில் ஒன்றாவது மூளைக் குறைவால் வந்ததா, சொல்லுங்கள்? ஒவ்வொன்றும் தாய்மொழியின் சட்டத்துக்குப் பணிந்து நடந்ததன் பலன். உங்கள் வீட்டுக் குழந்தை இங்கிலீஷில் தப்பாக ஒரு வாக்கியம் சொன்னால், அதட்டுவதற்கு முன் அதைத் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். தப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் திருத்துவது சுலபம். குழந்தைக்கும் அழுகை மிச்சம்.