சுரைக்குடுக்கையில் ஒரு குட்டி வீடு

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று ஒரு பழமொழி உண்டு. ஏட்டில் எழுதிய சுரைக்காயைச் சமைக்க முடியாது. உண்மைதான். கறிக்கு உதவாத சுரைக்காய் இன்னொன்றும் இருக்கிறது. அது கொடியிலேயே முற்றிப்போன காய். அதில் அரிவாள்மணை இறங்காது. அதைத் தூக்கிக் குப்பையில் போடுகிறோம்.

அந்தக் காயை எறிய வேண்டாம். காயவைத்தால் அது குடுக்கை ஆகும். குடுக்கையில் விளக்கு செய்யலாம். டப்பா செய்யலாம். கதவும் சன்னலும் வைத்த குட்டி வீடுகூடச் செய்யலாம். விற்றால் நாலு காசு கிடைக்கும். எப்படி என்று பார்ப்போம்.

மிகப் பழைய பாத்திரம்

சுரைக்கொடி முதலில் ஆப்பிரிக்காவில் தோன்றியது. அங்கிருந்து உலகம் எங்கும் பரவியது. காய்ந்த சுரைக்காய் தண்ணீரில் மிதக்கும். கடலில் பல மாதம் மிதந்தாலும் உள்ளே இருக்கும் விதை கெடாது. அமெரிக்கக் கண்டத்தில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் குடுக்கையைப் பயன்படுத்தினார்கள். நிலத்தைத் தோண்டி ஆராய்ந்தவர்கள் அதன் ஓடுகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். மண்பானை செய்யக் கற்பதற்கு முன்பே அங்கே குடுக்கை இருந்தது.

நம் நாட்டிலும் குடுக்கைக்குப் பல வேலைகள் உண்டு. பாம்பாட்டியின் மகுடியில் உப்பிய பகுதி எது? சுரைக்குடுக்கைதான். சிதார், தம்புரா ஆகிய இசைக்கருவிகளின் குடத்தையும் குடுக்கையில் செய்வதுண்டு. மகாராஷ்டிர மாநிலத்தில் மிரஜ் என்ற ஊர் இந்தக் கருவிகளுக்குப் பேர்போனது. மிரஜ் சிதாருக்கும் தம்புராவுக்கும் 2024ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகள் முதுகில் குடுக்கை கட்டிக்கொள்வார்கள்.

பஸ்தாரின் தூமா

சத்தீஸ்கர் மாநிலத்தின் தெற்கே பஸ்தார் பகுதி இருக்கிறது. காடும் மலையும் நிறைந்த இடம். 2000ஆம் ஆண்டு வரை இது மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. கோண்டு, முரியா முதலிய ஆதிவாசி மக்கள் இங்கே வாழ்கிறார்கள்.

இந்த மக்கள் சுரைக்குடுக்கையைத் 'தூமா' என்று சொல்கிறார்கள். வயலுக்கும் காட்டுக்கும் போகும்போது தூமாவில் தண்ணீரோ கஞ்சியோ எடுத்துப் போவார்கள். கூந்தல்பனையில் இறக்கும் கள்ளை ஊற்றி வைப்பதும் தூமாவில்தான். நீண்ட கழுத்துள்ள குடுக்கை குப்பி ஆகும். அதையே நீளவாட்டில் பிளந்தால் அகப்பை ஆகும்.

இந்தக் குடுக்கையில் படமும் போடுவார்கள். கத்தியை நெருப்பில் காய்ச்சுவார்கள். சூடான கத்தியைக் குடுக்கையின் ஓட்டில் வைத்து இழுப்பார்கள். தொட்ட இடம் கறுத்துவிடும். மஞ்சள் ஓட்டில் கறுப்புக் கோடு பளிச்சென்று தெரியும். பறவை, மான், மரம், ஆடும் மனிதர்கள் என்று பல உருவங்கள் வரும். தண்ணீரில் கழுவினாலும் படம் அழியாது.

பிறகு பிளாஸ்டிக் பாட்டிலும் எவர்சில்வரும் வந்தன. தூமாவில் தண்ணீர் எடுப்பது குறைந்தது. கைத்தொழில் அழிந்துவிடும் போல் இருந்தது. ஆனால் சிலர் அதை வேறு வழியில் திருப்பினார்கள். குடுக்கையில் நூற்றுக்கணக்கான சிறு துளைகள் போட்டார்கள். உள்ளே பல்பு வைத்தார்கள். துளை வழியே வெளிச்சம் வந்து சுவர் முழுவதும் பூப்போல விழுந்தது. இன்று பஸ்தார், கொண்டாகாவ் மாவட்டங்களில் இப்படி விளக்குகள் செய்கிறார்கள். நகரத்துக் கடைகளில் அவை விற்கின்றன.

பொருள் மாறினாலும் தொழில் நின்றுவிடவில்லை. இது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

கசந்தால் சமைக்காதீர்கள்

காயைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. சில சுரைக்காய் கசக்கும். அந்தக் கசப்பு ஒரு நஞ்சு. கசக்கும் சுரைக்காயின் சாற்றைக் குடித்துச் சிலர் இறந்தும் இருக்கிறார்கள். வயிற்றுவலி, வாந்தி, பேதி வரும். இரத்த வாந்தியும் வரலாம். இரத்த அழுத்தம் இறங்கிவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு இதை ஆராய்ந்தது. 2012ஆம் ஆண்டில் அதன் அறிக்கை வெளியானது. கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று குழு சொன்னது. எனவே சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். முழுக் காயையும் ஒதுக்கிவிடுங்கள். சமைத்தாலும் கசப்பு போகாது.

ஒரு கொடியில் ஒரு காய் கசந்தால் அந்தக் கொடியின் மற்றக் காய்களைச் சமையலுக்குப் பறிக்காதீர்கள். அவற்றைக் குடுக்கைக்கு விட்டுவிடுங்கள். கசக்கும் காயின் ஓடும் நல்ல ஓடுதான். ஆனால் அதன் விதையைச் சமையல் தோட்டத்தில் விதைக்க வேண்டாம்.

காயவைக்கும் முறை

அவசரப்பட்டால் குடுக்கை கிடைக்காது. பச்சையாகப் பறித்த காய் சுருங்கிப் போகும். இல்லாவிட்டால் அழுகிவிடும். கொடி வாடி, காம்பு பழுப்பாகிக் காயும்வரை பொறுங்கள். காயை நகத்தால் கீறிப் பார்க்காதீர்கள். கீறல் தழும்பாக நின்றுவிடும்.

பறிக்கும்போது இரண்டு விரற்கடை காம்பு விட்டு வெட்டுங்கள். ஈரத்துணியால் மண்ணைத் துடையுங்கள். பிறகு நிழலான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெறும் தரையில் வைக்காதீர்கள். மூங்கில் தட்டியோ கட்டிலோ நல்லது. ஒரு காய் இன்னொரு காயைத் தொடக் கூடாது. வாரம் இரண்டு முறை திருப்பி வையுங்கள்.

சில வாரத்தில் தோலின் மேல் வெள்ளையாகவும் கறுப்பாகவும் பூசணம் பிடிக்கும். பலர் இதைப் பார்த்துப் பயந்து காயை எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் ஓட்டின் வழியாக வெளியேறுகிறது. அதனால்தான் பூசணம் வருகிறது. காயை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அது நல்ல காய். அமுங்கினால் அழுகிய காய். அழுகியதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

முழுதும் காய ஒரு மாதம் முதல் ஆறு மாதம்வரை ஆகும். பெரிய காய்க்கு அதிக நாள் வேண்டும். ஆட்டிப் பார்த்தால் விதை கலகலவென்று ஒலிக்கும். காயும் இலேசாக இருக்கும். அப்போது தயார்.

காயைத் தட்டியில் வைக்கும் நாளில் ஒரு சீட்டில் தேதி எழுதிக் காம்பில் கட்டுங்கள். எந்தக் காய் எத்தனை நாளில் காய்ந்தது என்று நோட்டில் குறியுங்கள். அடுத்த ஆண்டு அது உதவும்.

வீடு செய்வோம்

வேண்டிய பொருள்கள்: காய்ந்த குடுக்கை, பென்சில், இரும்பு அறுக்கும் பிளேடு, சிறு கத்தி, தேங்காய் நார், உப்புத்தாள், கரண்டி, மரப்பசை, பெயிண்ட், வார்னிஷ், கண்ணாடித்தாள், பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. பல்பு.

1. குடுக்கையை ஈரச் சாக்கில் ஒரு மணி நேரம் சுற்றி வையுங்கள். பிறகு தேங்காய் நாரால் தேயுங்கள். பூசணமும் மேல்தோலும் உரிந்துவிடும். உள்ளே மஞ்சள் ஓடு தெரியும். நன்றாகக் காயவிடுங்கள்.

2. குடுக்கை ஆடாமல் நிற்க வேண்டும். அடியில் வட்டமாக அறுங்கள். அந்த ஓட்டை வழியேதான் பிறகு பல்பை வைப்போம்.

3. விதையையும் காய்ந்த சதையையும் கரண்டியால் சுரண்டி எடுங்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டால் தூசி பறக்காது. இந்தத் தூசி மூச்சில் போனால் இருமல் வரும். நெஞ்சு அடைக்கும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து செய்யுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைக்குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

4. கதவையும் சன்னலையும் பென்சிலால் வரையுங்கள். கத்தி முனையால் ஒரு துளை போட்டு, அதில் பிளேடை நுழைத்து மெதுவாக அறுங்கள். ஓரத்தை உப்புத்தாளால் தேயுங்கள். அறுத்த கதவை எறியாதீர்கள். சிறு தோல் துண்டை ஒட்டி அதையே திறந்து மூடும் கதவாக மாட்டலாம்.

5. குடுக்கையின் கழுத்து புகைபோக்கி ஆகும். வேறு குடுக்கையை இரண்டாகப் பிளந்தால் ஒரு பாதி கூரை ஆகும். கூரையில் காய்ந்த புல் ஒட்டினால் குடிசை போல இருக்கும்.

6. சுவரில் சூடான கம்பியால் கோலம் போடலாம். கம்பியைக் குறடால் பிடியுங்கள். பிள்ளைகள் தள்ளி இருக்கட்டும். சூடு வேண்டாம் என்றால் பெயிண்ட் போதும்.

7. பெயிண்ட் காய்ந்த பின் வார்னிஷ் பூசுங்கள். பூச்சி அண்டாது. சன்னலுக்கு உள்பக்கம் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். அடியில் பல்பு வையுங்கள்.

உள்ளே அகல் விளக்கோ மெழுகுவத்தியோ வைக்கவே கூடாது. காய்ந்த குடுக்கை விறகு போலத் தீப்பிடிக்கும்.

அமெரிக்காவில் பேய் வீடு

இதே குட்டி வீட்டை அமெரிக்காவில் வேறு மாதிரி செய்கிறார்கள். அங்கே அக்டோபர் 31ஆம் தேதி இரவு ஹாலோவீன் என்ற விழா. பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். அயர்லாந்து நாட்டிலிருந்து குடியேறியவர்கள் இந்த வழக்கத்தைக் கொண்டுபோனார்கள். அயர்லாந்தில் டர்னிப் என்ற கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் பரங்கிக்காய் எளிதாகக் கிடைத்தது. அதில் செதுக்கத் தொடங்கினார்கள்.

செதுக்கிய பரங்கிக்காய் சில நாளில் அழுகிவிடும். காய்ந்த சுரைக்குடுக்கை பல ஆண்டு இருக்கும். அதனால் கைவேலையில் ஆர்வம் உள்ளவர்கள் குடுக்கையில் பேய் வீடு செய்கிறார்கள். சுவருக்குக் கறுப்புப் பெயிண்ட். கோணல் சன்னல். உள்ளே ஆரஞ்சு நிற வெளிச்சம். கூரையில் தாளில் வெட்டிய வௌவால்.

செய்முறை ஒன்றுதான். வாங்குபவரின் விழாவுக்கு ஏற்ப வீடு மாறுகிறது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். மழைக்காலத்தில் விதைத்த கொடி பனிக்காலத்தில்தான் முற்றும். அதன்பிறகு காய்கள் காய வேண்டும். அக்டோபரில் விற்க வேண்டிய வீட்டுக்கு முந்தைய ஆண்டே விதை போட்டிருக்க வேண்டும். விழாவுக்கு ஒரு மாதம் முன்பு நினைத்தால் நடக்காது.

விலை சொல்லும் முன் கணக்குப் போடுங்கள்

'வீட்டில் கிடந்த காய்தானே, கொடுத்ததைக் கொடுங்கள்' என்று நாம் சொல்லிவிடுகிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம். ஒரு உதாரணக் கணக்கைப் பாருங்கள்.

குடுக்கை: 20 ரூபாய்
பல்பும் பேட்டரியும்: 40 ரூபாய்
பெயிண்ட், பசை, வார்னிஷ்: 30 ரூபாய்
உப்புத்தாள், பிளேடு: 10 ரூபாய்
பொருள் செலவு மொத்தம்: 100 ரூபாய்

வீடு செய்ய 6 மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேர வேலைக்கு நாள் கூலி 300 ரூபாய் என்றால் 6 மணி நேரத்துக்கு 225 ரூபாய். ஆக, அடக்க விலை 325 ரூபாய்.

வியாபாரி வந்து 150 ரூபாய்க்குக் கேட்கிறார். கையில் 150 ரூபாய் வந்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் பொருள் செலவு 100 ரூபாயைக் கழியுங்கள். மீதி 50 ரூபாய். 6 மணி நேர உழைப்புக்கு 50 ரூபாய்! மாதக்கணக்கில் காயைத் திருப்பித் திருப்பி வைத்த நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை.

இவை உதாரணத்துக்குச் சொன்ன தொகைகள். உங்கள் ஊர் விலையையும் கூலியையும் போட்டு நீங்களே கணக்கெழுதுங்கள். எழுதிய கணக்கு கையில் இருந்தால் வியாபாரியிடம் தைரியமாகப் பேசலாம்.

தனியாக விற்பது கடினம். பத்துப் பேர் குழுவாகச் சேருங்கள். சத்தீஸ்கரில் மாநிலக் கைவினை வாரியம் 'சபரி' என்ற பெயரில் கடைகள் நடத்துகிறது. ஆதிவாசி மக்கள் செய்யும் பொருள்களை விற்க 1987ஆம் ஆண்டில் மத்திய அரசு ட்ரைஃபெட் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கியது. கைவினைஞர்களுக்கு மத்திய ஜவுளி அமைச்சகம் அடையாள அட்டை கொடுக்கிறது. அட்டைக்கு விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும். படித்துப் பார்த்து, புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் கற்ற எழுத்து இதற்கும்தான்.

யோசியுங்கள், செய்யுங்கள்

1. பூசணம் பிடித்த காயில் நல்லது எது, அழுகியது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

2. சுரைக்காய் கசந்தால் என்ன செய்ய வேண்டும்? உங்கள் வீட்டில் சமைப்பவர் எல்லாருக்கும் இதைச் சொல்லுங்கள்.

3. உங்கள் ஊரில் வழக்கொழிந்து வரும் ஒரு கைத்தொழிலின் பெயரை எழுதுங்கள். அதை வேறு எந்தப் பொருளாக மாற்றி விற்கலாம்?

4. நீங்கள் செய்யும் ஒரு பொருளுக்கு மேலே சொன்னபடி அடக்க விலை போடுங்கள். கூலியை மறக்காதீர்கள்.

இந்த ஆண்டு உங்கள் பந்தலில் ஒரு காயையாவது பறிக்காமல் விடுங்கள். அது முற்றட்டும். அப்போது இந்த ஏட்டுச் சுரைக்காய் உங்கள் கைக்கு உதவும்.