அட்டைப்பெட்டியில் ஒரு நாற்காலி

போன வருஷம் டிசம்பரில் என் அக்கா பையன் போன் பண்ணினான். மெக்கானிக்கல், இறுதியாண்டு.

"மாமா, ரிவ்யூவுக்கு மூணு வாரம்தான் இருக்கு. கிளையன்ட் டிசைனை ஓகே பண்ணிட்டாங்க. ஆனா கைடு இது பத்தாதுங்கிறார். ஒரு மோட்டார், ஒரு சென்சார்னு ஏதாவது சேர்க்கச் சொல்றார். என்ன பண்ணட்டும்?"

மோட்டார் விஷயம் எனக்குப் புதுசில்லை. 'கிளையன்ட்' என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. 1999-ல் நான் பி.ஈ. முடித்தபோது எங்கள் ப்ராஜெக்டுக்கு அப்படி ஒருவர் கிடையாது. நான்கு பேர் காசு போட்டு, ப்ராஜெக்ட் சென்டர் ஒன்றில் ரெடிமேடாக வாங்கினோம். தொட்டி நிரம்பினால் பம்ப்பை நிறுத்தும் சர்க்யூட். பிளாஸ்டிக் டப்பாதான் தொட்டி. மூன்று எல்.இ.டி. விளக்குகள் வரிசையாக எரியும். வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை யார் வீட்ல மாட்டப் போறீங்க?" நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மார்க் என்னவோ வந்துவிட்டது. மாடல் லேப் பீரோவின் மேல் போய்ச் சேர்ந்தது. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வந்தது.

இப்போது மருமகனின் குழுவுக்கு உண்மையான கிளையன்ட் இருக்கிறார். சிறப்புப் பள்ளி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். பெருமூளை வாதம் உள்ள 5, 6 வயதுக் குழந்தைகள் சாயாமல், வழுக்காமல் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பசங்க சாலிட்வொர்க்ஸில் வரைந்து, ஐந்தில் ஒரு பங்கு அளவில் 3டி பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள்.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"சூப்பரா இருக்குப்பான்னாங்க. மஞ்சள் கலர்ல கிடைக்குமான்னு கேட்டாங்க."

இருபது வருஷத்துக்கு மேல் சாஃப்ட்வேரில் குப்பை கொட்டியவனுக்கு இது தெரிந்த அறிகுறி. பளபளப்பான டெமோவைக் காட்டினால் கிளையன்ட் கலரைப் பற்றித்தான் பேசுவார். எல்லாம் முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்ற எண்ணம் அந்தப் பளபளப்பிலேயே வந்துவிடுகிறது. பென்சில் கிறுக்கலைக் காட்டுங்கள், "இந்தப் பட்டனே எதுக்குங்க?" என்று ஆரம்பிப்பார். ஆகவே அவனிடம் சொன்னேன்: "மோட்டாரை அப்புறம் பார்க்கலாம்டா. அந்த 3டி பிரிண்டை வைத்து நீங்க என்ன கேள்விக்குப் பதில் தேடினீங்க?"

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

மாடல் எதற்கு?

மாடல் என்றால் செய்யப்போகும் பொருளின் சின்ன நகல் என்றுதான் நாம் நினைக்கிறோம். கண்காட்சியில் வைக்கிற தெர்மோகோல் அணைக்கட்டு மாதிரி. ஆனால் டிசைன் வேலையில் மாடல் என்பது ஒரு கேள்வி. எந்தக் கேள்வி என்பதைப் பொறுத்து, மாடல் எதனால் இருக்கணும், எந்த அளவில் இருக்கணும், எவ்வளவு நேரம் செலவழிக்கணும் எல்லாமே மாறும்.

சுமாராக மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, உருவத்துக்கான மாடல்: கைக்கு எட்டுமா, கதவில் நுழையுமா, ஆளுக்குப் பொருந்துமா? இதற்கு அட்டையும் டேப்பும் போதும், ஆனால் முழு அளவில் இருக்க வேண்டும். இரண்டாவது, வேலை செய்யுமா என்று பார்க்கும் மாடல்: இந்தக் கீல் பூட்டுமா, இந்த ஸ்பிரிங் தாங்குமா? இது அசிங்கமாக இருக்கலாம், சந்தேகம் இருக்கிற அந்த ஒரு பாகத்தை மட்டும் செய்தால் போதும். மூன்றாவது, காட்டுவதற்கான மாடல்: பணம் தருகிறவருக்கும் நிர்வாகத்துக்கும். பளபளப்பு இங்கேதான் தேவை.

நம் கல்லூரி ப்ராஜெக்டுகள் பெரும்பாலும் நேராக மூன்றாவதில் ஆரம்பித்து மூன்றாவதிலேயே முடிந்துவிடுகின்றன. எங்கள் பிளாஸ்டிக் டப்பாவும் அந்த ரகம்தான்.

சின்னது சொல்லும் பொய்

சின்ன மாடலில் இன்னொரு சிக்கல் உண்டு. கலிலியோ 1638-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே இதை விளக்கிவிட்டார். ஒரு பொருளை எல்லாப் பக்கமும் 10 மடங்கு பெரிதாக்கினால் அதன் எடை 1000 மடங்காகும். எடையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ 100 மடங்குதான் ஆகும். அதாவது தன் எடையாலேயே அந்தப் பொருள் படும் அழுத்தம் 10 மடங்கு கூடுகிறது. ஐஸ்கிரீம் குச்சியில் கட்டிய பாலம் செங்கல்லைத் தாங்கியது என்பதற்காக அதே வடிவத்தில், அதே மரத்தில் பத்து மடங்கு பெரிசாகக் கட்டினாலும் நிற்கும் என்று அர்த்தமில்லை.

பலத்தில் மட்டுமில்லை, வெப்பத்திலும் இதே கதைதான். 1763-64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வகுப்புக்குக் காட்ட வைத்திருந்த நியூகோமன் நீராவி எஞ்சின் மாடல் ஒன்றைப் பழுது பார்க்கும் வேலை ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. 2 அங்குல விட்டம், 6 அங்குல ஸ்ட்ரோக் உள்ள குட்டி சிலிண்டர். எவ்வளவு சரி செய்தாலும் சில அடிகள் அடித்துவிட்டு நின்றுவிடும். பொருள் சின்னதாக ஆக, உள்ளே இருக்கும் கொள்ளளவுக்கு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகமாகிறது. அதனால் அந்தக் குட்டி சிலிண்டர் நீராவியின் வெப்பத்தை அளவுக்கு மீறித் தின்றது. பெரிய எஞ்சினிலும் அதே விரயம் உண்டு. ஆனால் ஓடிக்கொண்டிருந்ததால் யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. மாடல்தான் அதைப் பெரிதுபடுத்திக் காட்டியது. "ஏன் ஒவ்வொரு முறையும் சிலிண்டரையே குளிரவைத்துச் சூடாக்கணும்?" என்ற கேள்வி வாட்டைப் பிடித்துக்கொண்டது. 1765-ல் நீராவியைத் தனிக் கலத்தில் குளிர வைக்கும் யோசனை பிறந்தது.

சின்ன மாடலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாற்காலி எவ்வளவு சாய்ந்தால் கவிழும் என்ற கேள்விக்கு, எடை சரியான விகிதத்தில் பரவியிருந்தால், ஐந்தில் ஒரு பங்கு மாடலும் அதே கோணத்தைத்தான் காட்டும். ஆனால் கால் உடையுமா, குழந்தை உள்ளே பொருந்துமா என்று அதனிடம் கேட்கக் கூடாது.

கிளையன்ட் யார்?

மாணவர் ப்ராஜெக்ட் என்றதும் எனக்கு எப்போதும் நினைவு வருவது எம்ப்ரேஸ். 2007-ல் ஸ்டான்ஃபோர்டில், மிகக் குறைந்த விலைப் பொருட்களை வடிவமைக்கும் பாடத்தில் சில மாணவர்களுக்குக் கொடுத்த வேலை, விலை மலிவான இன்குபேட்டர். சாதாரணமாக என்ன நடக்கும்? இருக்கிற இன்குபேட்டரை எடுத்து, ஒவ்வொரு பாகமாக விலையைக் குறைப்போம். ஆனால் குழுவில் ஒருவர் நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தார். மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குறைமாதக் குழந்தைகள் பிறப்பது தொலைதூரக் கிராமங்களில். அங்கிருந்து நேரத்துக்கு வந்து சேர முடிவதில்லை. ஆக, கிளையன்ட் மருத்துவமனை இல்லை, கிராமத்துத் தாய். இது தெரிந்ததும் இன்குபேட்டர் என்ற பெட்டியே மறைந்துபோனது. குழந்தையைச் சுற்றும் சின்னப் படுக்கைப் பை ஒன்று வந்தது. அதற்குள், சூடாக்கினால் உருகி, பிறகு உறையும்போது பல மணி நேரம் 37 டிகிரியை ஒட்டி வெப்பம் தரும் மெழுகு போன்ற பொருள் வைத்த ஒரு பை.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியம். அந்தக் குழு இந்தியாவுக்கு வந்து, முன்மாதிரியைக் கிராமங்களில் காட்டியது. அதில் வெப்பநிலையைக் காட்டும் எண்கள் இருந்தன. ஒரு தாய் சொன்னார்: ஆங்கில மருந்து ரொம்ப வீரியம், டாக்டர் ஒரு ஸ்பூன் என்றால் நாங்கள் பாதி ஸ்பூன்தான் கொடுப்போம், அதனால் இதையும் 37-க்குப் பதில் குறைவாகத்தான் சூடாக்குவேன் என்று. எந்த லேப் சோதனையிலும் இது தெரிய வந்திருக்காது. எண்களை எடுத்துவிட்டு, 'சரி' என்று மட்டும் காட்டும் அடையாளத்தை வைத்தார்கள். அந்த முன்மாதிரி தாயின் கைக்குப் போகாமல் இருந்திருந்தால், சரியாக வேலை செய்யும் சாதனமே குழந்தையைக் குளிரில் விட்டிருக்கும்.

அட்டை நாற்காலி

மருமகன் குழு அந்த வாரமே ஃபிரிட்ஜ் கடையில் இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்தது. ஒரே மாலையில், முழு அளவில், வெட்டி ஒட்டி ஒரு நாற்காலி. பார்க்க ரொம்ப சுமார். குழந்தையை அதில் உட்கார வைக்கவே கூடாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். துணி பொம்மைக்குள் மணல் பைகளைத் திணித்து, அதைத்தான் உட்கார வைத்தார்கள்.

மேடம் பார்த்தார், தலையாட்டினார். ஆனால் அன்றைக்குப் பேசியது பக்கத்தில் நின்ற ஆயா. தினமும் குழந்தைகளைத் தூக்கி உட்கார வைப்பது அவர்தான். பொம்மையைத் தூக்கி வைக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். "தம்பி, முன்னாடி இந்தப் பலகையை இப்படி வச்சா புள்ளைய எப்படிப்பா உள்ள விடறது? மேல தூக்கியா போடறது? என் இடுப்பு என்னத்துக்கு ஆவறது?" எழுதுவதற்காக முன்னால் நிரந்தரமாகப் பொருத்தியிருந்த பலகை அது. டிசைனில் பசங்க ரொம்பப் பெருமைப்பட்ட பாகமும் அதுதான். அடுத்து அவர் கேட்டது: "மெத்தை நனைஞ்சா கழட்டித் துவைக்கலாமா?" இந்தக் கேள்வி அவர்களுடைய தேவைப் பட்டியலில் எங்குமே இல்லை.

இரண்டாவது மாடல் பிளைவுட்டில். இதில் கேள்வி அளவு பற்றியது. இருக்கையின் ஆழம், கால் பலகையின் உயரம் இரண்டையும் வரிசையாகத் துளை போட்டு மாற்றிக்கொள்கிற மாதிரி செய்தார்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான தொடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு குழந்தைக்கும் தெரபிஸ்ட்தான் தீர்மானிக்க வேண்டும். மணல் மூட்டையை வைத்து உலுக்கிப் பார்த்த பிறகு, மேடம் கையால் பிடித்துக்கொண்டு ஒரு பையனை உட்கார வைத்தார்.

அவன் திடீரென்று உடலை விறைத்துப் பின்னால் தள்ளினான். இந்தக் குழந்தைகளிடம் இது சாதாரணம். நாற்காலியின் முன்பக்கம் தூக்கியது. மேடம் பிடித்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் நான்கு பசங்க முகமும் வெளுத்துவிட்டது.

அன்று இரவு காரணம் தேடினோம். பையன் நல்ல உயரம். கால் பலகையையும் தாண்டி அவன் பாதம் தரையைத் தொட்டிருந்தது. தரையை உதைத்தால் அது வெளியிலிருந்து வரும் விசை, நாற்காலியைக் கவிழ்க்கும். நாற்காலியோடு சேர்ந்த பலகையை உதைத்தால் அது உள்விசை; பஸ்ஸுக்குள் உட்கார்ந்து முன்சீட்டைத் தள்ளினால் பஸ் நகராத மாதிரி. ஆனால் உடம்பு பின்னால் வேகமாகச் சாயும் உந்தம் அப்போதும் இருக்கும். ஆகவே இருக்கையை உயர்த்திப் பாதம் எப்போதும் பலகையிலேயே இருக்கும்படி செய்தார்கள். பின்கால்களை 8 செ.மீ. பின்னால் நீட்டினார்கள். பிறகு மணல் மூட்டையோடு கவிழ்த்துக் கவிழ்த்துக் கோணத்தை அளந்தார்கள். முதல் செமஸ்டரில் மனப்பாடம் செய்த ஈர்ப்பு மையம் அன்றைக்குத்தான் புரிந்தது என்றான் மருமகன்.

ரிவ்யூ

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். கைடு கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ரிவ்யூ கமிட்டிக்கு முன்னால் ஏதாவது அசையாவிட்டால் மார்க் குறையும் என்பது அவர் அனுபவம். நான் சொன்னது இதுதான்: ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன கேள்வி கேட்டோம், எப்படிச் சோதித்தோம், என்ன பதில் வந்தது, அதனால் எதை மாற்றினோம். தோற்ற மாடல்களையும் தூக்கிப் போடாமல் மேஜையில் வரிசையாக வையுங்கள். மோட்டார் எந்தக் கேள்விக்குப் பதில் என்று கேட்டால், கிளையன்ட் கேட்காத கேள்விக்கு என்று பணிவாகச் சொல்லுங்கள்.

கமிட்டியில் ஒருவர் அட்டை நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாராம். இன்னொருவர் கவிழும் கோண அட்டவணையை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறார். முதல் மதிப்பெண்ணெல்லாம் வரவில்லை. தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி செய்த குழுவுக்குத்தான் பரிசு.

இறுதி நாற்காலி மார்ச்சில் பள்ளிக்குப் போனது. எழுதும் பலகை பக்கவாட்டில் மடங்குகிறது. மெத்தை உறையைக் கழற்றித் துவைக்கலாம். குறை இல்லாமல் இல்லை: எடை அதிகம், ஒரு ஆளாகத் தூக்க முடியாது. ஜூன் மாதம் இரண்டாவது நாற்காலிக்கு ஆயா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார், சக்கரம் வேண்டுமாம். மருமகனுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. ஜூனியர் பசங்களிடம் ஒப்படைத்திருக்கிறான். சக்கரம் வந்தால் பிரேக் வேண்டும், உதைக்கும்போது உருளாமலும் இருக்க வேண்டும்.

"முதல்ல அட்டைல செய்யச் சொல்லியிருக்கேன் மாமா," என்றான்.